புறாவின் தோலில் கட்டி: விட்டுவிடுவதா, மருந்திடுவதா, அறுப்பதா?

புறாவைக் கையில் எடுக்கும்போது விரலில் ஒரு கட்டி தட்டுப்பட்டால், வளர்ப்பவருக்கு அன்றைக்கே ஏதாவது செய்துவிட வேண்டும் என்று தோன்றும். சென்னையின் மொட்டை மாடிகளில் பந்தயப் புறாவும் கர்ணப் புறாவும் வளர்ப்பவர்களிடம் யோசனை கேட்டால், நான்கு விதமான பதில்கள் கிடைக்கின்றன. தானாக உதிர்ந்துவிடும், விட்டுவிடு என்பது ஒன்று. மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசு என்பது இரண்டாவது. மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிக் கொடு என்பது மூன்றாவது. புது பிளேடால் கீறி எடுத்துவிடு என்பது நான்காவது. இந்த நான்கையும் சொல்பவர்கள் பொய் சொல்வதில்லை. ஒவ்வொருவரும் தாம் கண்ட ஏதோ ஒரு கட்டியை மனத்தில் வைத்தே சொல்கிறார்கள். ஆனால் உங்கள் கையிலிருக்கும் பறவையின் கட்டி அதுதானா என்பது வேறு கேள்வி. அதற்கு விடை கட்டியின் அளவில் இல்லை. அது இறகற்ற தோலில் இருக்கிறதா இறகுக்கு அடியிலா, உள்ளே இருப்பது திடப்பொருளா காற்றா, எத்தனை நாளாக இருக்கிறது என்பவற்றில்தான் இருக்கிறது.

முதலில், கட்டியே அல்லாதவற்றைக் கழித்துவிட வேண்டும். தீனி தின்ற புறாவின் கழுத்தடியில் உருண்டையாகப் புடைத்திருப்பது இரைப்பை. விரலால் தொட்டால் தானியம் நெறுநெறுவென்று உருளும், சில மணி நேரத்தில் வற்றிவிடும். குஞ்சுகளுக்கு இது உடம்பைவிடப் பெரிதாகத் தெரிவதும் உண்டு. வால் தொடங்கும் இடத்தில், முதுகுப் பக்கம், காம்பு போன்ற முனையோடு இருப்பது எண்ணெய்ச் சுரப்பி. அலகின் மேலுள்ள வெண்ணிறச் சதை வயது ஏற ஏறத் தடிப்பதும், சில இனங்களில் கண்ணைச் சுற்றிய வளையம் கரடுமுரடாவதும் இயல்பு. எண்ணெய்ச் சுரப்பியைக் கட்டி என்று எண்ணிப் பிதுக்கிப் புண்ணாக்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன், ஆகவே இதைச் சொல்வதில் தவறில்லை.

பரிசோதிக்கும் முறையும் முக்கியம். பறவைகளுக்கு நம்மைப் போல உதரவிதானம் கிடையாது. மார்பெலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் மூச்சு உள்ளே போகும். மார்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிதானமாகக் கட்டியை ஆராய்பவர், தெரியாமலே புறாவை மூச்சுத் திணற வைக்கிறார். கால்களை விரலிடுக்கில் பிடித்து, உடலை உள்ளங்கையில் தாங்கி, நல்ல பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். பஞ்சை நீரில் நனைத்து இறகுகளை ஒதுக்கினால் தோல் தெளிவாகத் தெரியும். வாயைத் திறந்து தொண்டையைப் பார்ப்பதும், சமையலறைத் தராசில் எடை பார்த்துக் குறித்துக்கொள்வதும் தவறக்கூடாத வேலைகள். 400 கிராம் புறா மூன்று நாளில் 40 கிராம் இழந்திருந்தால், கட்டி கடுகளவே இருந்தாலும் விஷயம் பெரிது என்று கொள்ளலாம்.

புறாக்களில் அதிகம் காணப்படும் கட்டி அம்மைக் கட்டிதான். அவிபாக்ஸ் வகையைச் சேர்ந்த ஒரு வைரஸ் இதற்குக் காரணம். கொசு கடித்த இடத்திலோ, சண்டையில் கீறிய இடத்திலோ அது தோலுக்குள் நுழைகிறது. நல்ல தோலை அதனால் துளைக்க முடியாது. வடகிழக்குப் பருவமழை கொட்டித் தீர்த்தபின், மாடித் தொட்டிகளிலும் பூச்சட்டித் தட்டுகளிலும் நீர் தேங்கிக் கொசு பெருகும் நாட்களில் இது கூண்டு கூண்டாகப் பரவுவதற்கு அதுவே காரணம். நுழைந்த ஒரு வாரம் வாக்கில் கண்ணிமை, அலகின் ஓரம், மூக்கு, கால், விரல் என்று இறகு மூடாத இடங்களில் வெளிறிய சிறு பருக்கள் தோன்றும். அவை பெருத்து மஞ்சளாகி, பிறகு கருத்துப் பொருக்குக் கட்டி, பொதுவாக மூன்று நான்கு வாரங்களில் தாமாக உதிரும். ஒன்றுக்கு மேற்பட்ட பருக்கள், ஒன்றுக்கு மேற்பட்ட பறவைகளில், இறகற்ற தோலில் என்ற மூன்றும் சேர்ந்தால் அம்மை என்று ஏறத்தாழ உறுதியாகக் கொள்ளலாம்.

இந்தக் கட்டிக்கு நான்கு யோசனைகளையும் பொருத்திப் பார்ப்போம். வைரஸை அழிக்கும் மருந்து எதுவும் வழக்கத்தில் இல்லாததால், மருந்துக் கடை மாத்திரை இங்கே பயனற்றது. ஆன்டிபயாடிக் கொடுப்பதற்குப் பொருள் உண்டு என்றால், பொருக்கின் அடியில் பாக்டீரியா சேர்ந்து சீழ் வைக்கும்போது மட்டுமே உண்டு. பொருக்கைப் பிய்ப்பது இருப்பதிலேயே மோசமான தேர்வு. அடியிலுள்ள தோல் ஆறாததால் ரத்தம் வரும், தழும்பு விழும். அதைவிடப் பெரிய கேடு, உதிர்ந்த பொருக்கின் துணுக்குகளில் வைரஸ் பல மாதங்கள் உயிர்ப்போடு இருக்கும் என்பது. என் கூண்டில் ஒரு நீலப்பட்டைப் பெட்டையின் கண்ணிமைப் பொருக்கை நான் ஆரம்ப காலத்தில் நகத்தால் எடுத்தேன். இமை ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு ஆறியது, அடுத்த இருபது நாளில் பக்கத்துத் தட்டுகளில் இருந்த பறவைகளுக்கும் பரு வந்தது. கொசுவா, என் நகமா என்று இன்று சொல்ல முடியாது. நகத்தை நான் இப்போது நம்புவதில்லை.

மஞ்சள், வேப்பிலை விழுதைப் பொறுத்தவரை, நாட்டுக்கோழி வளர்ப்பவர்களிடம் நெடுங்காலமாக இருக்கும் பழக்கம் என்பதால் அதை எள்ளி நகையாட வேண்டியதில்லை. காலிலும் விரலிலும் உள்ள பருக்களில் பூசினால் ஈ மொய்ப்பது குறையும். தீங்கு அதிகம் இல்லை. ஆனால் அதை எண்ணெயில் குழைத்து முகத்தில் அப்பும்போது, எண்ணெய் இறகில் படிந்து நீரைத் தடுக்கும் தன்மையைக் கெடுக்கும். மூக்குத் துளையையும் கண்ணையும் அடைக்கும். அந்த இடங்களுக்கு, தேயிலை டிகாஷன் நிறத்துக்கு நீர்த்த போவிடோன் அயோடினைப் பஞ்சில் தொட்டு ஒற்றுவது மேலானது. கண்ணுக்குள் அதுவும் போகக்கூடாது. கண்ணைக் காய்ச்சி ஆறவைத்த உப்புநீரால் துடைத்தாலே போதும். எதைப் பூசினாலும் பருவின் ஆயுள் குறையாது என்பதைத் தெரிந்துகொண்டு பூச வேண்டும். மூன்றாவது வாரத்தில் பூசிய மருந்துக்கெல்லாம் நல்ல பெயர் கிடைக்கிறது; உதிரும் வேளையில் பூசினோம் என்பதே அதற்குக் காரணம்.

ஆகவே அம்மைக்கு விட்டுவிடுவதே சரி. ஆனால் விட்டுவிடுவது என்றால் ஒன்றும் செய்யாதிருப்பது அன்று. அம்மையில் சாகும் புறா பெரும்பாலும் பருவால் சாவதில்லை; இரு கண்ணும் மூடிக்கொண்டு தீனி தெரியாமல், அல்லது வாய்க்குள் பரவிய அம்மையால் விழுங்க முடியாமல், பட்டினியால் சாகிறது. அதைத் தனியே பிரித்து, கொசுவலை கட்டிய பெட்டியில் வைத்து, ஊறவைத்த பட்டாணியை ஒவ்வொன்றாக அலகுக்குள் வைத்து, நாளுக்கு இருமுறை இரைப்பை நிரம்பும்வரை ஊட்டி, அலகு மூழ்கும் கிண்ணத்தில் நீர் காட்ட வேண்டும். புறா மற்றப் பறவைகளைப் போல அண்ணாந்து குடிக்காமல் அலகை ஆழ்த்தி உறிஞ்சிக் குடிப்பது என்பதால், ஆழமற்ற தட்டு அதற்கு உதவாது. கடைசிப் பொருக்கு உதிர்ந்து இரண்டு வாரம் கழிந்தபின் கூட்டத்தில் சேர்க்கலாம்.

மற்றப் பறவைகளுக்குத் தடுப்பூசி என்ற தேர்வும் இருக்கிறது. புறா அம்மைக்கான உயிர்த் தடுப்பு மருந்தைத் தொடையில் சில இறகுகளைப் பிடுங்கி, அந்தத் துளைகளில் தூரிகையால் தடவுவார்கள். ஒரு வாரம் பத்து நாளில் அங்கே தடிப்பு வந்தால் மருந்து பிடித்தது என்று பொருள். அந்தத் தடிப்பைப் புதிய நோய் என்று எண்ணிப் பதறக்கூடாது. கோழி அம்மைத் தடுப்பூசி எளிதில் கிடைக்கிறது என்று அதைப் புறாவுக்குப் போடுவது நம்பத்தக்கதல்ல. தலைகீழாக, புறா அம்மை மருந்தைக் கோழிக்குப் போடும் வழக்கம்தான் பழையது. ஓரிரு பறவைகளில் மட்டும் நோய் தெரியும்போது எஞ்சியவற்றுக்குப் போடுவதில் பயன் உண்டு. பாதிக்கூண்டு பருவோடு நிற்கும்போது அதில் செலவிடும் பணத்தைக் கொசுவலையில் செலவிடலாம்.

இனி, பார்க்க அம்மை போலவே இருந்து, விட்டுவிட்டால் கொன்றுவிடும் ஒன்று. அதைப் புறா வளர்ப்பவர்கள் கேங்கர் என்பார்கள். டிரைக்கோமோனாஸ் கேலினே என்ற ஒற்றைச் செல் உயிரி, பெற்றோர் புறாக்கள் தம் இரைப்பையில் சுரந்து ஊட்டும் பால் வழியாகக் குஞ்சுக்கும், ஒரே தண்ணீர்த் தொட்டி வழியாக மற்றவற்றுக்கும் போகிறது. வாயிலும் தொண்டையிலும் பனீர் துண்டு போன்ற மஞ்சள் படிவு, கெட்ட நாற்றம் ஆகியவை பலருக்குத் தெரிந்த அடையாளம். அது தாடையடியிலும், கண்ணுக்குக் கீழேயும், குஞ்சுகளின் தொப்புளிலும் வெளியே தெரியும் கட்டியாகவும் வரும் என்பது அவ்வளவாகத் தெரியாதது. வாய்க்குள் அம்மையும் மஞ்சளாகப் படியும். கண்ணால் மட்டும் பார்த்துப் பிரித்தறிவது அனுபவசாலிக்கும் கடினம், இரண்டும் ஒரே பறவையில் சேர்ந்திருப்பதும் உண்டு. தொண்டையில் பஞ்சுக் குச்சியைத் தடவி, சூடு ஆறுவதற்குள் நுண்ணோக்கியில் பார்த்தால், துடித்து நெளியும் உயிரிகள் தெரியும். மருந்தோ மலிவானது, சோதனையும் சில நிமிடங்களில் முடிவது.

இங்கே மாத்திரை என்ற யோசனைக்கு முழு மதிப்பு உண்டு. கார்னிடசோல் 10 மி.கி. மாத்திரை ஒன்றே வளர்ந்த புறாவுக்கு ஒரு வேளை மருந்து. குஞ்சுக்கு அதில் பாதி. அது கிடைக்காத இடங்களில் மெட்ரோனிடசோலைச் சில நாட்கள் தொடர்ந்து கொடுக்கிறார்கள். ஆனால் மனிதருக்கான மாத்திரையைக் கண்ணளவில் உடைத்துக் கொடுப்பதில் ஆபத்து இருக்கிறது. அளவு மீறினால் தலை சுற்றி, நடை தள்ளாடும். எடைக்கேற்ற அளவை மருத்துவரிடம் எழுதி வாங்குவதே முறை. எந்த மருந்தானாலும், தொண்டைப் படிவைக் குச்சியால் சுரண்டி எடுக்கக்கூடாது; அதன் அடியில் பெரிய ரத்தக் குழாய்கள் ஓடுகின்றன, படிவோடு சேர்ந்து அவையும் பிய்ந்து பறவை கையிலேயே இறந்துபோகும்.

இறகுக்கு அடியில், ஒரே ஓர் இடத்தில், கெட்டியாக உருளும் கட்டி என்றால் சீழ்க்கட்டியாக இருக்க வாய்ப்பு அதிகம். பருந்தின் நகமோ, கூண்டின் கம்பியோ, வேறு புறாவின் கொத்தலோ தொடக்கமாக இருந்திருக்கலாம். பிளேடு யோசனை பிறந்த இடமும் இதுதான், அது தோற்கும் இடமும் இதுதான். நமக்கோ மாட்டுக்கோ வரும் கட்டியைக் கீறினால் சீழ் வடிந்து வற்றிவிடும். பறவையின் சீழ் வடிவதில்லை. சீழைக் கரைத்து நீர்மமாக்கும் நொதிகள் பறவையின் வெள்ளணுக்களில் குறைவு என்பதால், அது காய்ந்த பாலாடைக் கட்டி போல இறுகி, ஓர் உறைக்குள் அடங்கிக் கிடக்கும். ஊசி போட்டு உறிஞ்சினால் ஒன்றும் வராது. கீறிப் பிதுக்கினால் பாதி வரும், மீதி உறையோடு உள்ளே தங்கி மீண்டும் வளரும். ஆன்டிபயாடிக்கும் அந்த உறையைத் தாண்டி உள்ளே போவது அரிது. ஆகவே மருந்தா அறுவையா என்ற கேள்விக்கு இந்தக் கட்டியில் அறுவை என்பதே பதில்; ஆனால் உறையோடு முழுதாக எடுக்கும் அறுவை.

அதை ஏன் மாடியில் செய்யக்கூடாது என்பதற்குக் கணக்கு ஒன்று போதும். 400 கிராம் புறாவின் உடலில் ஓடும் ரத்தம் ஏறத்தாழ 30 முதல் 40 மி.லி. வரை. அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவானது, போனால் அது தாங்கும். அதற்கு மேல் போகப் போக உயிருக்கு ஆபத்து. பஞ்சில் ஊறும் ரத்தத்தை யாரும் அளந்து பார்ப்பதில்லை. மருத்துவமனையில் ஐசோஃபுளூரேன் மயக்க வாயுவில் சில நிமிடங்களில் உறங்க வைத்து, ரத்தக் குழாயைச் சுட்டு அடைத்து, உடல் சூடு குறையாமல் பார்த்துக்கொண்டு செய்கிறார்கள். மரத்துப்போகும் ஊசியை மனிதருக்கு எடுக்கும் அளவில் எடுத்துப் புறாவுக்குப் போட்டால், அந்த ஊசியே அதைக் கொல்லப் போதுமானது. அறுவைக்கு முன் இரைப்பை காலியாக இருக்கும்படி சில மணி நேரம் தீனி நிறுத்தச் சொல்வார்கள். இரவு முழுதும் பட்டினி போடுவது தேவையற்றது.

கட்டிக்குள் காற்று இருந்தால் முடிவே வேறு. கம்பியில் மோதியோ பருந்திடம் தப்பியோ வந்த புறாவின் கழுத்தும் மார்பும் பலூன் போல உப்பி, தொட்டால் தோலுக்கடியில் பொருபொருவென்று சத்தம் கேட்டால், உள்ளே மூச்சுக்காற்று நிறையும் காற்றுப்பை கிழிந்திருக்கிறது. சிறிதாக இருந்தால் கூண்டில் அடைத்துப் பறக்கவிடாமல் வைத்தாலே கிழிசல் ஆறும். மூச்சை அழுத்தும் அளவுக்கு உப்பினால் மருத்துவர் ஊசியால் காற்றை வெளியேற்றுவார், பெரும்பாலும் ஒரு தடவையோடு அது முடியாது. அடிபட்ட ரத்தக்கட்டு என்றால் இரண்டு மூன்று நாளில் பச்சை நிறமாகும். அழுகிவிட்டது என்று அதைக் கண்டு அஞ்ச வேண்டாம். பறவைகளின் ரத்தச் சிதைவு பச்சையோடு நின்றுவிடும், நம் தோலைப் போல மஞ்சளுக்குப் போகாது. அதை விட்டுவிடலாம். வயிற்றின் அடியில், அழுத்தினால் உள்ளே போய்த் திரும்பும் மெத்தென்ற புடைப்பு குடலிறக்கமாக இருக்கலாம். பிளேடு பட்டால் குடல் வெளியே வரும் என்பதைச் சொன்னால் போதும்.

சிறகு மூட்டிலோ கால் மூட்டிலோ வீக்கம், சூடு, சிறகு தொங்குதல், பச்சை நிறக் கழிச்சல், மெலிவு என்று சேர்ந்து வந்தால் அது தோல் நோயே அல்ல. சால்மொனெல்லா என்ற பாக்டீரியா மூட்டில் தங்கியிருக்கிறது. அந்த வீக்கத்தைக் கீறுவதால் மூட்டு நிரந்தரமாகக் கெடும். எச்சத்தைப் பரிசோதனைக்குக் கொடுத்து, எந்த ஆன்டிபயாடிக் வேலை செய்யும் என்று பார்த்துக் கொடுப்பதே வழி. என்ரோஃபுளோக்சசின் பலருக்கும் தெரிந்த மருந்துதான், ஆனால் வளரும் குஞ்சுகளின் குருத்தெலும்பை அது பாதிக்கும். இந்த நோய் கூண்டைக் கழுவும் மனிதருக்கும் தொற்றும், அம்மை தொற்றாது. கையுறை எப்போது வேண்டும் என்பதை இந்த வேறுபாட்டிலிருந்து முடிவு செய்வதைவிட, எப்போதும் போட்டுக்கொள்வது எளிது.

காலில் வரும் கட்டிகளில் ஒன்றை மட்டும் நீங்களே, உடனே, கத்தரிக்கோலோடு அணுக வேண்டும். விரலைச் சுற்றி மாஞ்சா நூலோ தலைமுடியோ இறுகி, அதற்கு அப்பால் விரல் உருண்டையாக வீங்கியிருக்கும். வெதுவெதுப்பான நீரில் காலை ஊறவைத்து, உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்து, நூலைப் பிரித்து வெட்ட வேண்டும். தோலுக்குள் புதைந்திருந்தால் மருத்துவரிடம் போகலாம். விரல் கறுத்துவிட்டிருந்தால் பெரும்பாலும் அது மிஞ்சாது. உள்ளங்காலில் வரும் கெட்டியான வீக்கத்துக்குச் சொரசொரப்பான சிமென்ட் தளமும் பொருந்தாத நிற்கும் கட்டையும் காரணம். அவற்றை மாற்றாமல் மருந்து மட்டும் தடவுவது வீண். உண்ணிகளின் குட்டிகள் சில நாட்கள் தோலில் ஒட்டியே இருப்பதால் பருப் போலத் தோன்றும். இடுக்கியால் எடுத்துவிட்டு மரச் சட்டங்களின் இடுக்குகளைத் தேட வேண்டும். எண்ணெய் கலந்த தடுப்பூசியைப் பிடரியில் போட்ட சில வாரங்களுக்குப் பிறகு அங்கே சிறு முடிச்சு தென்பட்டால், எப்போது ஊசி போட்டோம் என்று குறிப்பேட்டைப் பார்த்துவிட்டு விட்டுவிடலாம்.

எந்த வகையிலும் அடங்காமல், வலியும் இல்லாமல், மாதக்கணக்கில் மெல்ல வளரும் கட்டி கொழுப்புக் கட்டியாகவோ புற்றாகவோ இருக்கலாம். இதில் காத்திருப்பதற்கும் அறுப்பதற்கும் இடையிலுள்ள தேர்வு உண்மையிலேயே சமமானது. வயதான, முட்டையிடுவதை நிறுத்திவிட்ட, நன்றாகத் தின்று அமைதியாக இருக்கும் புறாவின் கொழுப்புக் கட்டியை மாதம் ஒருமுறை நூலால் சுற்றளவு அளந்து குறித்து வைத்துக்கொள்வதோடு நிறுத்தலாம். இளம் பறவை, வேகமான வளர்ச்சி, மேலே புண், இம்மூன்றில் ஒன்று இருந்தாலும் எடுத்துவிடுவது நல்லது; எடுத்த கட்டியைக் குப்பையில் போடாமல் ஃபார்மலினில் போட்டு ஆய்வுக்கு அனுப்பினால்தான் அது என்ன என்பதும், திரும்ப வருமா என்பதும் தெரியும்.

செலவையும் சொல்ல வேண்டும், ஏனெனில் பலரைப் பிளேடுக்குத் தள்ளுவது அறியாமையைவிட அதுதான். தனியார் மருத்துவமனையில் ஒரு புறாவுக்கு அறுவை செய்யும் தொகையில் வேறு ஜோடிகளே வாங்கலாம் என்பது பெரும்பாலான இனங்களுக்கு உண்மை. ஆனால் அந்த வாதம் அறுவைக்கு மட்டுமே பொருந்தும்; தொண்டைத் தடவலுக்கும் எச்சப் பரிசோதனைக்கும் பொருந்தாது. வேப்பேரியில் உள்ள சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியைப் போன்ற கல்லூரி மருத்துவமனைகளுக்குப் பறவையைக் கொண்டுபோவதும், மாவட்டங்களில் கால்நடை மருந்தகத்தில் காட்டுவதும் பெருஞ்செலவு அல்ல. தவிர, ஒரு பறவையின் கேங்கரையோ சால்மொனெல்லாவையோ தவறாக அம்மை என்று எண்ணிக் காத்திருந்தால், விலை கொடுப்பது அந்த ஒரு பறவை மட்டுமல்ல.

வலிக்கு மருந்து கொடுக்க நினைப்பவர்கள் ஒன்றைத் தவிர்க்க வேண்டும். வீட்டிலிருக்கும் டைக்ளோஃபெனாக் மாத்திரையைப் பறவைக்குக் கொடுக்கத் துணியக்கூடாது. அந்த மருந்து போட்ட மாடுகளின் சடலத்தைத் தின்றே நம் நாட்டின் பாறுக் கழுகுகள் சிறுநீரகம் கெட்டுப் பெருமளவில் அழிந்தன, அதனால்தான் 2006-இல் கால்நடைகளுக்கு அதைப் பயன்படுத்துவது தடைசெய்யப்பட்டது. பறவைகளுக்கு மருத்துவர்கள் எழுதித் தருவது மெலாக்சிகாம்.

கட்டியைக் கண்ட நாளில் நான் இப்போது செய்வது இவ்வளவுதான்: பறவையைத் தனிப்பெட்டியில் வைத்து, எடையைக் குறித்து, ஒரு ரூபாய் நாணயத்தைப் பக்கத்தில் வைத்துக் கட்டியைக் கைப்பேசியில் படம் எடுத்து, வாயையும் மூட்டுகளையும் எச்சத்தையும் பார்த்துவிடுகிறேன். வாயில் மஞ்சள், மூட்டில் வீக்கம், எடையில் சரிவு, மூச்சில் திணறல், இவற்றில் எது இருந்தாலும் அன்றே மருத்துவரிடம் போகிறேன். எதுவும் இல்லை, கட்டியும் இறகற்ற தோலில் பருவாகவே இருக்கிறது என்றால், ஐந்தாம் நாள் மறுபடி படம் எடுக்கும்வரை பிளேடும் மாத்திரையும் அலமாரியிலேயே இருக்கின்றன. கொசுவலை மட்டும் அன்று மாலைக்குள் ஏறிவிடுகிறது.